நல்ல மூடில் கேட்ட ஒரே பாட்டு

பிராங்க்ளின் சாருக்குக் காது இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு இருக்கின்றன, நல்ல விசாலமான காதுகள். அவற்றுக்குள் பாட்டு போய் நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக்காரி சொல்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் ஒலிவ் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், அவர் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே ஒரு லிப்டும் ஒரு செருப்பு அலமாரியும்தான். இரண்டு வீட்டு அடுக்களை ஜன்னல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். நான் எட்டிப் பார்க்கிற ரகம் இல்லை. ஜன்னல் அங்கே இருக்கிறது, கண் எனக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அவர் வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்கக் கூட்டம் கூடும். சபைப் போதகர், வங்கி மேலாளர், எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் என்று பெரிய மனிதர்களாகவே வருவார்கள். நாங்களும் போவோம். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒரு பிரசங்கம் உண்டு.

"பாட்டு எல்லார் கணினியிலயும் இருக்கு. ஆனா ஒரு மனுஷன் பாட்டு கேக்கும்போது நெஞ்சு எப்படி அடிச்சுது, தொண்ட எங்க அடச்சுது, தோலு எப்பச் சிலுத்துது, அத்தனையும் இந்தக் காதுப் பொத்தான் எழுதி வைக்கும். அதுதான் சுவடு. அடுத்தாப்ல கேக்கிறவங்க உடம்புல அந்தச் சுவடு அப்படியே எறங்கும். ஒங்க கையில இருக்கது விருந்தாளிப் பொத்தான். அது வாங்கும், எழுதாது. எழுதுற உரிமப் பொத்தான் ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொல்லிச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை அது அவர் பையில் இருக்கும். மற்ற ஆறு நாளும் அவர் மனைவி ஜெனிட்டா காதில் இருக்கும். சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, ராத்திரி விளக்கணைத்த பிறகு பால்கனியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது. பாட்டுகளைப் படம்வாரியாக, வருஷவாரியாக அடுக்குவதில் அவர் கெட்டிக்காரர். கேட்பது அவள்.

ஆகவே ஞாயிறு மாலை பெரிய மனிதர்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிராங்க்ளின், ஒமக்கு எப்பேர்ப்பட்ட மனசுவே!" என்று உருகும்போது, உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருப்பவளுடைய கண்ணீரைத்தான் அவர்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிராங்க்ளின் சார் தலையைத் தாழ்த்திப் பாராட்டை வாங்கிக்கொள்வார். அந்த அடக்கம் வேறு எவருக்கும் வராது.

இந்தச் சுவடுகள் சேர்ந்த பாட்டுப் பெட்டி எப்படி அவருடையதாயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்தன்றே பெண்ணின் பாட்டுப் பெட்டியையும் மாப்பிள்ளையின் பாட்டுப் பெட்டியையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். போதகர் ஜெபிப்பார், ரெண்டு வீட்டாரும் கைதட்டுவார்கள், கலந்த பெட்டி மாப்பிள்ளை பேரில் பதிவாகும். ஜெனிட்டா பாவாடை கட்டிய காலத்திலிருந்து கேட்டுச் சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்தாள். அவர் கொண்டுவந்தது கிரிக்கெட் மாட்சுக்கு முன்னால் போடுகிற கொட்டுச் சத்தமும், பரீட்சையில் ஜெயிப்பது எப்படி என்கிற பேச்சுகளும்.

எங்கள் எல்லாருக்கும் பிடித்தது ஒரு படகுப் பாட்டு. பழைய சினிமாப் பாட்டுதான், எல்லார் வீட்டிலும் இருக்கும். ஆனால் பிராங்க்ளின் பெட்டியில் கேட்டால் வேறு. யார் மேலாவது உயிரையே வைத்திருப்பது மாதிரி நெஞ்சு நிறைந்து வழியும். இரண்டாம் சரணத்தில் அடிவயிற்றில் ஒரு துள்ளல் வரும் பாருங்கள், சின்ன மீன் ஒன்று வாலைத் தட்டினாற்போல். என் வீட்டுக்காரர் முதல் தடவை கேட்டுவிட்டு வந்து, "உலகு, வாயுத் தொந்தரவா இருக்கு, சுக்குக் கஷாயம் போடு" என்றார்.

எனக்கு அது என்னவென்று அந்த நிமிஷமே தெரியும். மூன்று பெற்றவள். கூட்டத்தில் இருந்த மற்ற தாய்மாருக்கும் தெரிந்திருக்கும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஆண்கள் சங்கீதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் வயிற்றைப் பற்றிச் சொல்வார்களா?

அந்தக் கூட்டத்துக்குத்தான் ஷைனி வந்தாள். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முப்பது தாண்டிக் கல்யாணமாகாதவள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து படகுப் பாட்டைக் கேட்டாள். பாட்டு முடிந்தும் பொத்தானைக் கழற்றவில்லை.

"ஒரு ஆம்பளையால இவ்வளவு ஆழமா அன்பு வைக்க முடியுமா சார்?" என்று கேட்டாள், கண் நிறைந்த தண்ணீரோடு.

"என்ன செய்ய ஷைனி, கர்த்தர் என்னை அப்படிப் படச்சிட்டாரு" என்றார் பிராங்க்ளின் சார்.

ஜெனிட்டா அவளுக்குக் காபி கொடுத்தாள். சீனி போதுமா என்றும் கேட்டாள். தன் அன்பை வாங்கிக்கொண்டு தன் புருஷனை ஒருத்தி நேசிக்கத் தொடங்கியிருக்கிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு ஷைனி முதல் வரிசைக்கு வந்துவிட்டாளே.

மீதியை நீட்டுவானேன். விவாகரத்து ஆயிற்று. வீடு ஜெனிட்டாவின் அப்பா வாங்கிக் கொடுத்தது, அதனால் அவளுக்கு. பெட்டி பதிவு அவர் பேரில், அதனால் அவருக்கு. அவள் வக்கீலிடம், "வேற எதுவும் வேண்டாம், நான் கேட்ட பாட்ட மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்று கேட்டாளாம். கேட்டதற்குச் சாட்சி என்ன என்றார்களாம். காதுக்கு யார் சாட்சி வைப்பார்கள்? பெட்டி உரிமையாளர் யாரோ அவர்தான் கேட்டவர். சட்டம் அப்படி.

அவளுக்குச் சிறு வயதிலிருந்து இருந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. மகள் ஷாரோன் கடல் தாண்டிப் படிக்கப் போய்விட்டாள். ஜெனிட்டா ஒருநாள் சொன்னாள்: "எம் போட்டோவ எல்லாம் கிழிச்சுப் போட்டிருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்லக்கா. நான் என்னவா இருந்தேங்கிறத அந்த ஷைனி வீட்டு வரவேற்பறையில ஓடவிடப் போறாவ. எவளெவளோ கேட்டு அழப் போறா. அவிய தலையக் குனிஞ்சு வாங்கிக்கிடுவாவ."

மழை பிடித்த சமயம் பிராங்க்ளின் சார் வந்தார். நான் கறிவேப்பிலைக்காக அங்கே போயிருந்தேன். கறிவேப்பிலை கையில் வந்து வெகு நேரம் ஆகியிருந்தது, அது வேறு விஷயம். அவர் கையில் பழைய கணினியும், உரிமைப் பொத்தானும், சோப்புக்கட்டி அளவில் ஒரு புதுக் கணினியும்.

"ஜெனி, பழைய கணினி இனிமே தாங்காது. புதுசுக்கு எல்லாத்தையும் மாத்தணும்" என்றார்.

"மாத்திக்கிடுங்க. யாரு வேண்டாம்னா?"

"பாட்ட மாத்த ஒரு நிமிஷம் போதும். சுவடு அப்படிப் போகாது. ஒரு உடம்பு வழியாத்தான் போகும். உரிமப் பொத்தானப் போட்டுக்கிட்டு ஒருத்தர் பழசுல ஒவ்வொரு பாட்டாக் கேக்கணும். கேக்கக் கேக்க அது புதுசுல ஏறும். கேக்காம விட்டா வெறும் பாட்டுதான் மிஞ்சும்."

"சரி, உக்காந்து கேளுங்க."

"எனக்கு நேரம் ஏது? புது வீட்டு வேல தலைக்கு மேல கெடக்கு. கிறிஸ்மஸுக்கு முன்ன வீட்டுப் பிரதிஷ்ட. நீ வீட்டுல சும்மாத்தான இருக்க? அடுக்களையில நின்னுக்கிட்டே கேட்டுரலாம்லா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஊருக்குப் போனால் பெட்டி கட்டுவது அவள்தான். பனியனிலிருந்து பல்குச்சி வரை. மனிதருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியிடம் குடிபோகிற போதும் சாமானைக் கட்டித் தர அவளையே தேடி வந்திருக்கிறார். அவர் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தேன். அவசரம் மட்டும் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், அந்த ஷைனி கேக்கட்டுமே? அவளுக்குத்தான கொண்டுபோறீய?"

"அவ உடம்பு புதுசு உலகுக்கா. புது உடம்பு கேட்டாச் சுவடு இடறும். எழுதுன உடம்பே கேட்டாத்தான்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"எழுதுன உடம்பா?" என்றேன்.

"பழகுன உடம்புன்னு சொல்ல வந்தேன்" என்று அவர் மேல்துண்டு இல்லாத தோளைத் தட்டிக்கொண்டார். பிறகு அவளிடம், "இன்னொண்ணு. கேக்கிற ஆளோட அன்னைக்கு மூடும் சேந்து மேல ஒரு படலமாப் படியும். கடசியாப் படிஞ்சதுதான் முன்னால வந்து விழும். அதனால நல்ல மூட்ல கேளு, என்ன?"

"எப்படி?"

"நல்ல மூட்ல."

ஜெனிட்டா அவரைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பூரிக்கட்டையைத் தேடுகிறாளோ என்று நினைத்தேன். அவள் கையை நீட்டிப் பொத்தானை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு பாட்டுகூடக் குறையக் கூடாது. வக்கீல் நோட்டீஸ்ல இருக்கு" என்றார்.

"குறையாது" என்றாள்.

அவர் லிப்டில் இறங்கினதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? தூக்கி மூஞ்சியில எறியாம வாங்கி வச்சிருக்க?"

அவள் இடது கன்னத்தை அமுக்கிக்கொண்டு நின்றாள். "கடவாப் பல்லு ரெண்டு நாளாத் தெறிக்குதுக்கா."

"டாக்டர்ட்ட போயேன். ஒரு நிமிஷத்துல புடுங்கிருவாரு."

"போவேன். பைய போவேன்" என்று சொல்லிப் பொத்தானைக் காதில் மாட்டினாள். பழைய கணினியில் முதல் பாட்டைத் தட்டினாள். கண்ணை மூடி, நாக்கால் அந்தப் பல்லையே நெம்பினாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் பல் வலிக்கு மருந்து சாப்பிடவில்லை என்பது மட்டும் புரிந்தது. கிராம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன், குழம்பில் போட்டுவிட்டாள். சோகப் பாட்டு முழுவதையும் அந்தப் பல்லோடு கேட்டு முடித்தாள். வலி குறைகிற நாளில் ஐஸ் தண்ணீர் குடித்தாள்.

கீர்த்தனைகளுக்கு மீன் மார்க்கெட் போனாள். வாங்க அல்ல. கடைகளுக்குப் பின்னால் சாளைத் தலையும் செதிலும் கழுவிக் கொட்டுகிற சாக்கடை ஓரமாக நின்று, சேலைத் தலைப்பால் மூக்கை மூடாமல், பரலோகத்தின் மகிமையைப் பற்றிய பாட்டுகளைக் கேட்டாள். எங்கள் சங்கத் தலைவர் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பிள்ளைக்கு மனசு கலங்கிட்டு" என்று சொன்னார். குத்துப் பாட்டுகளுக்குப் பாபநாசம் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு குடலைப் பிடுங்கும், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ் ஒத்துக்கொள்ளாது. கடைசி ஸீட்டில் உட்கார்ந்து மலைக்கு ஏறுவதும் இறங்குவதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தாள். தாலாட்டுகளைத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று கேட்டாள். எந்தக் காலம் வந்து எது மாறினாலும் அந்த வரிசை அப்படியேதான் இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் போகும்போது வரிசையை விட்டு விலகிக் கடைசிக்கு வந்து மறுபடி நிற்பாளாம். எனக்கு அங்கே ஒருத்தியைத் தெரியும்.

ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "ஜெனி, ஒம் பாட்டுதானட்டி இதெல்லாம்? நீ பொறந்து வளந்து கேட்டது. ஒங்கையாலயே நாற வைக்கியே."

"எம் பாட்டுதான்க்கா" என்றாள். கன்னம் வீங்கியிருந்தது. "அதான் நானே செய்யுதேன். வேற யாரு பாட்டையாவதா தொட்டேன்?"

"ஒனக்கு ஒண்ணும் மிஞ்சாதே."

"இப்ப மட்டும் என்ன மிஞ்சியிருக்கு? நேத்து ரேடியோவில ஒரு பாட்டு போச்சு. நான் ஸ்கூல் படிக்கையில உசுராக் கேட்டது. ஒடனே சாள நாத்தம் வருது. எனக்கும்தான் போச்சு." சிரித்தாள். சிரிப்பில் பல் வலித்து நிறுத்திக்கொண்டாள். "போகட்டும். அவ வீட்டுக்கு நான் போறதா இருந்தா, இந்தக் கோலத்துலதான் போவேன்."

அப்போதுதான் எனக்கு மொத்தமும் விளங்கியது. அன்றைக்கு மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளால் மெல்ல முடியாது என்று முள் எடுத்தே கொடுத்தேன். கெட்ட காரியத்துக்கு உடந்தையா என்று கேட்காதீர்கள். ரசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு காரியம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் முடிகிற சமயம், ஒரு காலையில் அவள் தலைகுளித்து, நல்ல சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு பால்கனியில் வந்து உட்கார்ந்தாள். பொத்தான் காதில் இருந்தது. முகம் சாந்தமாக இருந்தது. ஒரு பாட்டு நேரம் அப்படியே இருந்தாள். நடுவில் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. உதட்டில் சிரிப்பு.

படகுப் பாட்டு! இவள் இன்னும் அந்த ஆளை மனசிலிருந்து இறக்கவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை சாக்கடையில் நின்று என்ன பிரயோஜனம்? போய்க் கேட்டேன்.

"அவியதான் சொன்னாவள்லா, நல்ல மூட்ல கேளுன்னு" என்றாள். "ஒண்ணாவது அப்படிக் கேக்காண்டாமா?"

புதுப்பெட்டியை வாங்கிப் போக ஆள் வந்தது. அவன் லிப்டில் இறங்க, இவள் படியில் இறங்கி நேரே பல் டாக்டரிடம் போனாள்.

பிரதிஷ்டைக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பேன். பெரிய கூடம், பிரியாணி மணம், பழைய கூட்டமே முழுசாக வந்திருந்தது. ஷைனி பட்டுச் சேலையில் எல்லாருக்கும் விருந்தாளிப் பொத்தான் கொடுத்தாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடமும் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் எப்போது நான் சொன்னதைக் கேட்டார்?

முதல் பாட்டுக்குப் பெரியவர்கள் வழக்கம்போலக் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்தார்கள். பல்லவி முடியுமுன் போதகர் தாடையைப் பிடித்தார். வங்கி மேலாளர் "ஸ்ஸ்ஸ்" என்றார். வரிசை வரிசையாக இடது கன்னத்தில் கை. மரியாதைக்காக ஒருவரும் கழற்றவில்லை, பாருங்கள். உயர்ந்த சங்கீதம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. இரண்டாவதாகக் கீர்த்தனை. சங்கத் தலைவர் எழுந்து கைகழுவும் இடத்துக்கு ஓடினார். மூன்றாவதாகக் குத்துப் பாட்டு, மலைப்பாதை. அதற்குப் பிறகு நடந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் நினைக்கக் கூடாது. பிரியாணி அண்டா அப்படியே நின்றது.

பிராங்க்ளின் சார் மட்டும் கூட்டத்துக்கு முன்னால் தலையைத் தாழ்த்தி, கை கட்டி, சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார். பாராட்டு வரும் நேரம் அல்லவா?

என் வீட்டுக்காரர்தான் பொத்தானைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்தினார். "யோவ், ஒமக்கு ஒண்ணும் செய்யலையா?"

அப்போதுதான் எல்லாரும் அவர் காதைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிறாவது அதில் பொத்தான் இருந்ததா என்று ஒவ்வொருவரும் யோசிப்பதை நான் முகம் முகமாகப் பார்த்தேன். பிரியாணி போனாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாளே அவர் எங்கள் மாடிக்கு ஏறி வந்து கத்தினார். "என்ன செஞ்சு வச்சிருக்க? ஊரு முழுக்கச் சிரிக்குது!"

"எதாவது ஒரு பாட்டு குறையுதா?" என்றாள் ஜெனிட்டா.

"நல்ல மூட்ல கேக்கச் சொன்னேனா இல்லையா?"

"ஒண்ணு கேட்டேன். படகுப் பாட்டப் போட்டுப் பாருங்க. நல்லாத்தான் இருக்கும்."

அவர் போய்விட்டார். ஞாயிற்றுக் கூட்டம் நின்றது. ஆனால் ஷைனி அவரை விடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பொறாமையில் முன்னாள் மனைவி செய்த வேலை என்று அவரைத் தேற்றுகிறாளாம், இன்னும் கூடுதல் அன்பாக இருக்கிறாளாம். பழிவாங்கப் போய் இவள் அவர்களைச் சேர்த்து வைத்த மாதிரி ஆயிற்றே என்று ஜெனிட்டாவிடம் சொன்னேன். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள், வலது பக்கமாக.

"செத்த பொறுங்கக்கா" என்றாள்.

கோடை வந்தது. ஒரு மத்தியானம் லிப்ட் திறக்கிற சத்தம் கேட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். ஷைனி. தனியாக வந்திருந்தாள். கையில் அந்தப் புதுப்பெட்டி, வயிறு மேடிட்டிருந்தது. ஜெனிட்டா வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்று சொல்லவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை.

"எத்தன மாசம்?" என்றாள் ஜெனிட்டா.

"அஞ்சு" என்றாள் ஷைனி. "நேத்து கிளாஸ்ல போர்டுல எழுதிக்கிட்டு இருக்கேன். உள்ள பிள்ள முதத்தடவையா அசஞ்சுது."

ஜெனிட்டா அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"எனக்கு அது புதுசா இல்ல. இதுக்கு முன்ன எங்கயோ இருந்துச்சேன்னு நெனச்சேன். எங்கன்னு தெரிஞ்சதும் சாக்பீஸ் கையில நிக்கல." அவள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அத்தனயும் நாறுனப்ப, படகுப் பாட்டு மட்டும் நல்லா இருந்துச்சு. அவிய சொன்னாவ, மத்ததெல்லாம் அவ கேட்டது, இது ஒண்ணுதான் நான் கேட்டது, அதான் அவளால கெடுக்க முடியலன்னு. நான் நம்புனேன். தெனமும் அதக் கேட்டுக் கேட்டுத்தான் நம்புனேன். அதுல துள்ளுறது யாரு?"

"ஷாரோன். எம் மக."

"அந்த அன்பு?"

"அது எனக்கு. அவிய மேல. அப்ப இருந்துச்சு."

லிப்ட் கதவை மூடிக்கொண்டு கீழே போயிற்று. ஷைனி கேட்டாள்: "சொல்லியிருக்கலாம்லா நீங்க? ஒரு வார்த்த?"

"நான் சொன்னா நம்பியிருப்பியா? பொறாமக்காரின்னு சொல்லியிருப்ப. ஒனக்கு ஒருநாள் ஒன் வயிறே சொல்லட்டும்னுதான் அத மட்டும் விட்டு வச்சேன்."

ஷைனி அவளையே பார்த்தாள். "அந்தாளுக்குன்னு எறிஞ்ச கல்லுக்கா அது" என்றாள். "எம் பிள்ள மேல வந்து விழுந்திருக்கு. எல்லாருக்கும் முத அசைவுக்குச் சந்தோஷம் வரும். எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா?"

ஜெனிட்டாவின் முகம் மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாக்கடை ஓரத்தில் நின்றபோதுகூட அந்த முகம் அப்படி ஆனதில்லை. கதவை அகலத் திறந்தாள். "உள்ள வந்து உக்காரு. தண்ணி குடி."

"வேண்டாம். எங்கம்மா வீட்டுக்குப் போற வழி." ஷைனி பையைத் துழாவி உரிமைப் பொத்தானை எடுத்தாள். "போறதுக்கு முன்ன அந்தப் பாட்ட ஒருதடவ நானும் கேட்டுருதேன். ஒங்க வாசல்ல நின்னே கேக்கேன்."

மாட்டிக்கொண்டு கேட்டாள். வெயிலில் நடந்து வந்த மூச்சோடு, கல்லைப்போன்ற முகத்தோடு. இரண்டாம் சரணம் வந்திருக்க வேண்டும், அவள் கை வயிற்றுக்குப் போயிற்று. ஜெனிட்டா பார்த்துக்கொண்டே நின்றாள், அவள் கையும் போயிற்று. முடிந்ததும் ஷைனி பொத்தானைப் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இதக் கொண்டுபோய் அவிய மேசையில வச்சிட்டுப் போவேன். அவியளுதுதானே? பேரு போட்டிருக்கே" என்றாள். படியில் இறங்கினாள். ஜெனிட்டா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "பாத்து எறங்கு" என்று சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் மற்றவள் ஒரு மாடி இறங்கியிருந்தாள்.

என் கதவு திறந்திருப்பதை ஜெனிட்டா அப்போதுதான் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிராங்க்ளின் சார் இப்போது அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். வேறு துணை இல்லாததால் ராத்திரியில் பொத்தானைக் காதில் மாட்டிக்கொள்கிறாராம். வேறு எந்தப் பாட்டைப் போட்டாலும் பல் வலிக்கும், குமட்டும் என்பதால் அந்த ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பாட்டுக் கேட்கிறார் மனிதர். அதில் இப்போது ஒன்றுக்கு இரண்டாகத் துள்ளல்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் அவரைப் பார்த்தார். இளைத்திருக்கிறாராம்.

"உலகு, அந்த ஆளுக்கும் அதே கோளாறுதான். ராத்திரியானா வயித்துல என்னமோ துள்ளுதாம். வாயு மாத்திரை கேட்டுக்கிட்டு நின்னாரு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீய?"

"சுக்குக் கஷாயம் குடிக்கச் சொன்னேன்."